தீர்ப்பு வந்தால் போதுமா? விவாகரத்தில் சொத்து, கடன், பணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோர்ட்டு பிரித்துவிட்டால் எல்லாம் பிரிந்துவிடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கோர்ட்டு பிரிப்பது திருமணத்தை. கடன் ஒப்பந்தத்தில் இருக்கும் இரண்டு கையெழுத்தும், பாலிசியில் பத்து வருடம் முன்பு எழுதிய நாமினி பெயரும், கூட்டுக் கணக்கும் அப்படியே கிடக்கும். ஒவ்வொன்றையும் நாம்தான் தேடிப்போய்ப் பிரிக்கவேண்டும். இந்தப் பக்கத்தில் வரும் பதில்களில் பாதி இதைத்தான் வேறு வேறு விதமாகச் சொல்கின்றன.

நான் வக்கீல் இல்லை. விவாகரத்தை ஒருமுறை கடந்து வந்தவள். அதன்பிறகு தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று பலர் வந்து கேட்டதைத் தொகுத்திருக்கிறேன். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். மாறும் இடங்களில் ஓரிரு நாடுகளை எடுத்துக்காட்டாகக் கொடுத்திருக்கிறேன். உங்கள் வழக்குக்கு உங்கள் ஊர் வக்கீலைத்தான் கேட்கவேண்டும்.

இன்னும் மனு போடவில்லை. பிரிவது மட்டும் உறுதி. முதல் வேலை என்ன?

காகிதம் சேருங்கள். எந்தக் கோப்பு எந்த அலமாரியில் இருக்கிறது என்று இன்றைக்கு உங்களுக்குத் தெரியும். இருவரில் ஒருவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பியபிறகு தெரியாது. கடைசி சில வருடங்களின் வங்கி அறிக்கை, வருமான வரிக் கணக்கு, சம்பளச் சீட்டு, வீட்டுப் பத்திரம், எல்லாக் கடன் ஒப்பந்தமும், காப்பீட்டுப் பாலிசிகள், பென்ஷன் அல்லது பி.எஃப். கணக்கு விவரம், பங்கு, வைப்புநிதி. போனில் படம் எடுத்துக்கொண்டாலும் சரி. ஆனால் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் நிபந்தனைகளையும் சேர்த்து எடுங்கள். தகராறு வரும்போது அந்தப் பக்கம்தான் தேவைப்படும்.

அப்புறம் ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம் இருப்பவை, வலப்பக்கம் கொடுக்கவேண்டியவை. ஒவ்வொன்றுக்கும் எதிரே யார் பெயரில் இருக்கிறது, கல்யாணத்துக்கு முன்பா பின்பா, யார் பணத்தில் வாங்கியது, இன்றைக்கு என்ன பெறும் என்று எழுதுங்கள். தெரியாததற்குக் கேள்விக்குறி போட்டு விடுங்கள். வக்கீலிடம் முதல்முறை போகும்போது இந்தத் தாள் கையில் இருந்தால் ஒரு மணி நேரக் கட்டணம் மிச்சம்.

ஒன்று மட்டும் வேண்டாம். துணையின் மின்னஞ்சலைத் திறப்பது, போனில் வேவுச் செயலி ஏற்றுவது எல்லாம் பல நாடுகளில் குற்றம். நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் கூண்டில் நிற்பது நீங்களாக இருப்பீர்கள். உங்கள் சொந்த மின்னஞ்சல், வங்கிச் செயலி, மேகச் சேமிப்பு (கிளவுட்) ஆகியவற்றின் கடவுச்சொல்லை மாற்றுவது வேறு விஷயம். அதை இன்றைக்கே செய்யுங்கள். படுக்கையறையில் கிடக்கும் பழைய டேப்லெட்டில் உங்கள் கணக்கு இன்னும் திறந்தே இருக்கலாம், அதையும் பாருங்கள்.

கூட்டுக் கணக்கில் இருக்கும் பணத்தை நான் முதலில் எடுத்துக்கொண்டால்?

இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற வகைக் கணக்கு என்றால் வங்கி தடுக்காது. கேள்வி பிறகு வரும், கோர்ட்டில் வரும். மொத்தத்தையும் துடைத்து எடுத்தவர் எந்த நீதிபதியின் கண்ணுக்கும் நல்லவராகத் தெரியமாட்டார். வீட்டுச் செலவுக்கும் வக்கீலுக்கும் தேவையானதை, பாதிக்கு மேல் போகாமல் எடுத்து, எதற்குச் செலவானது என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர் துடைத்துவிடுவார் என்ற பயம் இருந்தால், இனி இரண்டு கையெழுத்து இருந்தால்தான் பணம் தரவேண்டும் என்று வங்கிக்கு எழுத்தில் கொடுத்துப் பாருங்கள். சம்பளம் வந்து விழுவதற்கு உங்கள் பெயரில் மட்டும் ஒரு புதுக் கணக்கு கட்டாயம் வேண்டும்.

இருவரும் ஒத்துப்போய்ப் பிரிகிறோம். எவ்வளவு காலம் ஆகும்?

இந்தியாவில் இந்து திருமணச் சட்டத்தில் பரஸ்பர சம்மத விவாகரத்து 1976ல் சேர்க்கப்பட்டது. குறைந்தது ஒரு வருடம் பிரிந்து வாழ்ந்திருக்கவேண்டும், மனு போட்டபின் ஆறு மாதம் பொறுத்திருக்கவேண்டும். இனி சேர வாய்ப்பே இல்லை, பாக்கி விவகாரம் எல்லாம் முடிந்துவிட்டது என்றால் அந்த ஆறு மாதத்தைக் கோர்ட்டு தள்ளுபடி செய்யலாம் என்று 2017ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2022 ஏப்ரல் 6 முதல் காரணமே சொல்லவேண்டியதில்லை. ஆனால் முதல் கட்ட ஆணைக்கு 20 வாரம், அதற்குமேல் இறுதி ஆணைக்கு ஆறு வாரம். ஆஸ்திரேலியாவில் 12 மாதம் பிரிந்திருந்தாலே போதும். சிங்கப்பூரில் 2024 ஜூலை 1 முதல் இருவரும் பேசி ஒத்துக்கொண்டதையே காரணமாகக் காட்டலாம்.

‘ஒத்துப்போகிறோம்’ என்பதில் ஒரு பொறி இருக்கிறது. பிரிவதற்கு ஒத்துப்போவது வேறு, பணத்துக்கு ஒத்துப்போவது வேறு. முதலாவது முடிந்தவுடன் மனுவைப் போட்டுவிட்டு, ‘மற்றதைப் பிறகு பேசிக்கொள்வோம்’ என்று விடுகிறவர்கள் நிறைய. பிறகு பேச்சு நடக்காது. வீடு, கடன், குழந்தை, மாதப் பணம் எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டபிறகு மனு போடுவதே நல்லது.

காலக்கெடுவும் உண்டு. ஆஸ்திரேலியாவில் விவாகரத்து உறுதியான நாளிலிருந்து 12 மாதத்துக்குள் சொத்துப் பிரிவினைக்கு மனு போடவேண்டும். அதைத் தாண்டினால் கோர்ட்டின் அனுமதி கேட்டு நிற்கவேண்டும். இங்கிலாந்தில் நேர்மாறு: பணக் கோரிக்கையை முடித்துவைக்கும் ஆணை வாங்காவிட்டால், விவாகரத்து ஆகிப் பல வருடம் கழித்தும் முன்னாள் துணை வந்து கதவைத் தட்டலாம்.

தப்பு அவர் மேல். அதனால் எனக்குக் கூடுதல் பங்கு வராதா?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்களுக்கு என் பதில் பிடிப்பதில்லை. பெரும்பாலான நாடுகளில் பணக் கணக்கில் தப்புக்குப் பெரிய இடமில்லை. 1970ல் கலிஃபோர்னியா குற்றம் சாட்டாத விவாகரத்தைக் கொண்டுவந்தது. அமெரிக்க மாநிலங்களில் கடைசியாக நியூயார்க் 2010ல் வந்து சேர்ந்தது. உலகம் அந்தப் பக்கம்தான் நகர்கிறது. இந்தியாவில் நடத்தை இன்னும் கணக்கில் வரும், குறிப்பாக ஜீவனாம்சத்தில்.

பணத்திலேயே செய்த தப்பு என்றால் நிலைமை வேறு. பிரிவு நெருங்கும்போது சூதாட்டத்தில் விட்டது, சொத்தைச் சொந்தக்காரர் பெயருக்கு மாற்றியது, சேமிப்பை வேறொருவருக்குச் செலவழித்தது, இவற்றை நிரூபிக்க முடிந்தால் பல கோர்ட்டுகள் அந்தத் தொகையை அவர் ஏற்கெனவே எடுத்துக்கொண்ட பங்காகவே வைத்துக் கணக்குப் போடும். மனம் உடைந்ததற்கு வழக்கு நடத்துவதைவிட வங்கி அறிக்கையைப் புரட்டுவதில் பலன் அதிகம்.

சொத்தில் பாதி எனக்கு வருமா?

நீங்கள் எந்தச் சட்டத்தின் கீழ் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. உலகத்தில் மொத்தம் மூன்று வழி இருப்பதாக வைத்துக்கொள்ளலாம்.

முதலாவது, பெயர் யாருடையதோ சொத்து அவருடையது. இந்தியா பெரும்பாலும் இப்படித்தான். கல்யாணம் ஆனதாலேயே மற்றவர் சொத்தில் பாதி வந்துவிடாது. ஜீவனாம்சம் கேட்கலாம், பங்கு கேட்பது கஷ்டம். கோவா மட்டும் விதிவிலக்கு, அங்கே தம்பதியின் சொத்து பொதுவானது என்பதே இயல்பு நிலை. இந்தச் சுவரில் மெல்ல விரிசல் விழுகிறது. 2023ல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், வீட்டையும் பிள்ளைகளையும் மனைவி பார்த்துக்கொண்டதால்தான் கணவரால் சம்பாதிக்க முடிந்தது, ஆகவே அவர் வாங்கிய சொத்தில் மனைவியின் உழைப்பும் இருக்கிறது என்று சொல்லிச் சமபங்கு கொடுத்தது.

இரண்டாவது, கல்யாணத்துக்குப் பின் யார் சம்பாதித்தாலும் இருவருக்கும் பொது. கலிஃபோர்னியா, டெக்ஸஸ் உட்பட ஒன்பது அமெரிக்க மாநிலங்களில் இந்த முறை. கல்யாணத்துக்கு முன் இருந்தது, பரிசாக வந்தது, வாரிசாக வந்தது இவை மட்டும் தனி. ஆனால் தாய் தந்தை கொடுத்த பணத்தைக் கூட்டுக் கணக்கில் போட்டுக் கலந்துவிட்டால், எது எவருடையது என்று காட்டும் பாரம் உங்கள் தலையில் விழும்.

மூன்றாவது, நீதிபதி நியாயம் பார்த்துப் பிரிப்பார். இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, மற்ற அமெரிக்க மாநிலங்கள் எல்லாம் இந்த வகை. நியாயம் என்றால் பாதி என்று அர்த்தமில்லை. இங்கிலாந்தில் 2000ல், அன்றைக்கு அங்கே உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை தீர்த்த வழக்கு ஒன்றில், சம்பாதித்தவருக்கும் வீட்டைப் பார்த்தவருக்கும் பாகுபாடு கூடாது, போட்ட கணக்கைச் சமபங்கு என்ற அளவுகோலில் வைத்து ஒருமுறை சரிபார்க்கவேண்டும் என்றார்கள். அதன்பிறகு அங்கே பேச்சுவார்த்தையின் தொடக்கப் புள்ளியே மாறிப்போனது.

வீட்டை என்ன செய்வது? எனக்கு வீடு வேண்டும்.

எல்லோருக்கும் வீடு வேண்டும். பிள்ளைகள் பழகிய இடம், சுவரில் அவர்கள் உயரம் குறித்த கோடுகள், எல்லாம் புரிகிறது. ஆனாலும் கணக்கைப் பாருங்கள்.

வீட்டின் மதிப்பு 100 என்று வைத்துக்கொள்வோம். அதில் கடன் பாக்கி 55. மீதி 45. ஆளுக்குப் பாதி என்றால் 22.5. வீடு உங்களுக்கு வேண்டுமென்றால் துணைக்கு 22.5 கொடுக்கவேண்டும், 55 கடனையும் நீங்களே ஏற்கவேண்டும். ஆக மொத்தம் 77.5. இதுவரை இரண்டு சம்பளம் சேர்ந்து 55ஐ இழுத்துக்கொண்டிருந்தது. இனி ஒரு சம்பளம் 77.5ஐ இழுக்கவேண்டும். வங்கி அந்த ஒரு சம்பளத்தைப் பார்த்துச் சம்மதிக்கவும் வேண்டும். வீட்டு வரி, பராமரிப்பு, ஒழுகும் கூரை இதெல்லாம் இன்னும் கணக்கில் வரவில்லை.

விற்றால்? தரகு, பத்திரச் செலவு, வரி என்று 5 போகும் என்று வைத்தால் கையில் 40, ஆளுக்கு 20. தொகை குறைவுதான், ஆனால் கடன் இல்லாத 20. கடைசிப் பிள்ளை படிப்பை முடிக்கும்வரை ஒருவர் குடியிருப்பது, பிறகு விற்றுப் பிரிப்பது என்றும் எழுதிக்கொள்ளலாம். அப்படி எழுதினால் தவணையை யார் கட்டுவது, மோட்டார் எரிந்தால் யார் மாற்றுவது, எந்தத் தேதிக்குள் விற்பது, விலையை யார் மதிப்பிடுவது என்பதுவரை எழுதுங்கள். எழுதாமல் விட்ட ஒவ்வொரு வரிக்கும் பிறகு ஒரு வக்கீல் நோட்டீஸ் வரும்.

கடன் அவருடையது என்று தீர்ப்பிலேயே எழுதியாகிவிட்டது. வங்கி ஏன் என்னைத் தொந்தரவு செய்கிறது?

தீர்ப்பு உங்கள் இருவருக்கும் இடையில்தான் செல்லும். வங்கி அந்த வழக்கில் இல்லவே இல்லை. கூட்டுக் கடன் என்றால் முழுத் தொகையையும் இருவரில் எவரிடமும் கேட்கும் உரிமை வங்கிக்கு இருக்கிறது; ‘ஆளுக்குப் பாதி’ என்ற பேச்சே அங்கே கிடையாது.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். எங்கள் செட்டில்மெண்டில் காரும் அவருக்கு, கார்க் கடனும் அவருக்கு. கோர்ட்டு முத்திரையும் விழுந்தது. ஒன்றரை வருடம் கழித்து, அதே வங்கியில் நான் ஒரு சின்னக் கடனுக்குப் போனபோது, மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் திரையை என் பக்கம் திருப்பினாள். மூன்று தவணை பாக்கி, என் பெயருக்கு நேரே சிவப்பில். பையிலிருந்து தீர்ப்பு நகலை எடுத்து நீட்டினேன். அவள் வாங்கி, அவசரப்படாமல் இரண்டு பக்கமும் படித்தாள். ‘இதில் எங்கள் கையெழுத்து இல்லையே, மேடம்’ என்று திருப்பிக் கொடுத்தாள். அவள் சொன்னதில் தப்பே இல்லை.

ஆகவே, கூட்டுக் கடனை முடிந்தால் பிரிவுக்கு முன்பே அடைத்துவிடுங்கள். முடியாவிட்டால் ஏற்கிறவர் தன் பெயரில் மட்டும் புதுக் கடன் வாங்கிப் பழையதை முடிக்கட்டும். உங்கள் பெயரை விடுவித்ததாக வங்கியிடமிருந்து கடிதம் வரவேண்டும். இரண்டும் முடியாதென்றால், அவர் கட்டாமல் விட்டு நீங்கள் கட்ட நேர்ந்தால் அந்தத் தொகையை வட்டியோடு அவர் திருப்பித் தரவேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். வங்கியிடமிருந்து அது உங்களைக் காப்பாற்றாது, அவரிடமிருந்து வசூலிக்க உதவும். கிரெடிட் கார்டில் கூடுதல் அட்டை கொடுத்திருந்தால் இன்றைக்கே நிறுத்துங்கள். மைத்துனர் கடனுக்கு எப்போதோ போட்ட ஜாமீன் கையெழுத்தையும் நினைவில் வையுங்கள். கல்யாணம் முறிந்தாலும் ஜாமீன் முறியாது.

பென்ஷன், காப்பீடு, நாமினி?

மறந்துபோகிற பட்டியலில் முதலிடம் இதற்குத்தான், நஷ்டமும் பெரிது.

அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள். தூபாண்ட் கம்பெனியில் வேலை பார்த்த ஒருவர் 1974ல் தன் சேமிப்புத் திட்டத்தில் மனைவி பெயரை எழுதினார். 1994ல் விவாகரத்து. அந்தத் திட்டத்தில் மனைவிக்கு எந்த உரிமையும் இல்லை என்று தீர்ப்பிலேயே இருந்தது. அவர் படிவத்தை மாற்றவில்லை. 2001ல் இறந்தார். நிறுவனம் படிவத்தைப் பார்த்தது. சுமார் 4 லட்சம் டாலர் முன்னாள் மனைவிக்குப் போனது. மகள் தந்தையின் சொத்துக்காக வழக்காடினார். 2009ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்துச் சொன்னது: திட்டத்தை நடத்துகிறவர் படிவத்தில் இருப்பதைப் பார்த்துக் கொடுத்தது சரி. ஒரு தாளை மாற்றியிருந்தால் அந்தப் பெண் எட்டு வருடம் அலைந்திருக்கவேண்டாம்.

நாமினி என்பவர் பணத்துக்கே சொந்தக்காரரா, வாங்கி வாரிசுகளிடம் ஒப்படைக்கிறவரா என்பது நாட்டுக்கும் திட்டத்துக்கும் ஏற்ப மாறும். எப்படி இருந்தாலும் காசோலை முதலில் போவது படிவத்தில் இருக்கும் பெயருக்கு. உயிலையும் எடுத்துப் பாருங்கள். இங்கிலாந்தில் விவாகரத்து ஆனால் முன்னாள் துணைக்கு உயிலில் எழுதியது தானாகச் செல்லாமல் போகும்; எல்லா இடத்திலும் அப்படி இல்லை.

பென்ஷனைப் பிரிப்பது தனிக்கலை. ஜெர்மனியில் 1977 முதலே திருமண காலத்தில் சேர்ந்த பென்ஷன் உரிமையைக் கோர்ட்டு சமன்செய்கிறது. இங்கிலாந்தில் 2000 டிசம்பரில் பென்ஷன் பங்கீடு வந்தது, ஆஸ்திரேலியாவில் 2002 கடைசியில். அமெரிக்காவில் தீர்ப்பு போதாது, தனியாக ஒரு ஆணை வாங்கித் திட்ட நிர்வாகிக்கு அனுப்பவேண்டும். நீண்ட கல்யாணத்தில் வீட்டுக்கு அடுத்த பெரிய சொத்து பென்ஷன்தான். ‘அது அவர் சம்பளத்தில் பிடித்தது’ என்று சொல்லி விட்டுக்கொடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

ஜீவனாம்சத்தை மாதாமாதம் வாங்குவதா, மொத்தமாகவா?

மாதம் 10 வீதம் பத்து வருடம் என்றால் கூட்டுத்தொகை 1200. இதற்குப் பதில் இன்றைக்கே 900 தருகிறேன் என்று எதிர்த்தரப்பு சொன்னால் ஏமாற்று என்று கொதிக்கவேண்டாம். பணத்துக்கு வருடம் 6 சதவீதம் வட்டி கிடைக்கும் என்றால், அந்த 1200இன் இன்றைய மதிப்பு ஏறக்குறைய 900தான். அதைவிட மிகக் குறைவாகச் சொன்னால் பேரம் பேசுங்கள்.

வட்டிக் கணக்குக்கு அப்பாலும் யோசிக்கவேண்டும். மாதப் பணம் அவர் வேலை, உடல்நலம், மனநிலை மூன்றையும் நம்பி நிற்கிறது. வேலை போனது என்று குறைக்கச் சொல்லி மனு போடலாம். நீங்கள் மறுமணம் செய்தால் பல நாடுகளில் நின்றேபோகும். விலைவாசி ஏறினால் கூட்டிக் கேட்க வழியுண்டு என்பது அதன் நல்ல பக்கம். மொத்தத் தொகை வந்தால் உறவு அன்றோடு அறுந்தது. ஆனால் கைக்கு வந்த மொத்தப் பணத்தைச் சுற்றி உறவினர்கள் கூடுவார்கள், அதையும் சொல்லவேண்டும். தருகிறவர் கை சுத்தமில்லை என்ற சந்தேகம் இருந்தால் தயங்காமல் மொத்தமாக வாங்குங்கள் என்பது என் கட்சி. மாதப் பணமே என்றால், கொடுப்பவர் பெயரில் ஆயுள் காப்பீடு எடுத்து அதில் உங்களைச் சேர்க்கச் சொல்லுங்கள். அவர் இறந்தால் மாதப் பணமும் நின்றுவிடக்கூடும்.

கேட்கத் தாமதிக்காதீர்கள். இந்தியாவில் 2020ல் உச்ச நீதிமன்றம், ஜீவனாம்சத்தை மனு போட்ட தேதியிலிருந்து கணக்கிடவேண்டும் என்றது. மனு போடாமல் தள்ளிப்போட்ட மாதங்கள் திரும்ப வராது.

பிள்ளைகள் செலவு?

பிள்ளைக்கான பணம் பிள்ளையின் உரிமை. ‘எனக்கு எதுவும் வேண்டாம், பிள்ளை மட்டும் போதும்’ என்று எழுதிக்கொடுத்தாலும் கோர்ட்டு அதைத் தள்ளிவிட்டுப் பிள்ளைக்குப் பணம் விதிக்கலாம். பணம் வரவில்லை என்பதற்காகப் பிள்ளையைப் பார்க்கவிடாமல் செய்வதும், பார்க்கவிடவில்லை என்பதற்காகப் பணத்தை நிறுத்துவதும் இரண்டுமே கோர்ட்டில் உங்களுக்கு எதிராகத் திரும்பும்.

மாதச் செலவு என்று எழுதும்போது பள்ளிக் கட்டணத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். பல்லுக்குக் கம்பி, கண்ணாடி, சுற்றுலா, கல்லூரி நுழைவு, இவற்றை யார் எந்த விகிதத்தில் ஏற்பது என்று தனியாக எழுதுங்கள்.

ஒருவர் வேறு நாட்டில் இருந்தால் பயணத்துக்கு எழுத்தில் சம்மதம் வாங்காமல் பிள்ளையைக் கூட்டிப்போகாதீர்கள். 1980ஆம் வருட ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகள், அனுமதியின்றிக் கொண்டுவரப்பட்ட பிள்ளையை அது வழக்கமாக வாழ்ந்த நாட்டுக்குத் திருப்பி அனுப்பும். இலங்கையும் சிங்கப்பூரும் அதில் சேர்ந்திருக்கின்றன, இந்தியா சேரவில்லை. சேராத நாட்டுக்குப் பிள்ளை போய்விட்டால் திரும்பப் பெறுவது நெடும் வழக்கு.

அவர் சொத்தை மறைக்கிறார் என்று தோன்றுகிறது.

வருமானத்துக்கும் வாழ்க்கைக்கும் இடையில் உள்ள இடைவெளியைப் பாருங்கள். சம்பளம் உயர்ந்தபிறகும் கணக்கில் இருப்பு ஏறவில்லையா? தம்பிக்குத் திடீரென்று ‘பழைய கடன்’ திருப்பிக் கொடுத்திருக்கிறாரா? வருட போனஸ் இந்த வருடம் மட்டும் தள்ளிப்போகிறதா? வரிக் கணக்கில் வட்டி வருமானம் காட்டியிருந்தால், அந்த வட்டியைத் தரும் வைப்புநிதி எங்கோ இருக்கிறது. சந்தேகத்தை வக்கீலிடம் சொல்லுங்கள். ஆவணங்களைத் தரச்சொல்லிக் கோர்ட்டு வழியாகக் கேட்க முடியும். இந்தியாவில் ஜீவனாம்ச வழக்கில் இருதரப்பும் சொத்து, கடன் விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தரவேண்டும் என்று நான் மேலே சொன்ன அதே 2020 தீர்ப்பு விதித்தது.

மாட்டிக்கொண்டால் விளைவு பெரிது. இங்கிலாந்தில் ஒரு கணவர் தன் நிறுவனத்தைப் பங்குச் சந்தைக்குக் கொண்டுபோகும் திட்டத்தை மறைத்து, நிறுவனத்தைக் குறைத்து மதிப்பிட்டுக் காட்டினார். இருவரும் ஒத்துக்கொண்ட செட்டில்மெண்ட்டை 2015ல் அங்கே உச்ச நீதிமன்றம் திரும்பத் திறந்துவிட்டது. இது உங்களுக்கும் பொருந்தும்: அம்மா பெயரில் போட்டு வைத்த அந்த வைப்புநிதியைச் சொல்லிவிடுங்கள்.

பாதிக்குப் பாதி பிரித்துவிட்டோம். வரி ஏன் குறுக்கே வருகிறது?

ஒருவருக்கு வங்கியில் 50, மற்றவருக்கு 50 பெறும் பங்குகள். பார்க்கச் சமம். அந்தப் பங்குகளை 20க்கு வாங்கியிருந்தால், விற்கும்போது லாபம் 30. அதற்கு 20 சதவீத வரி என்றால் 6 போய், கையில் 44. பிரிக்கும்போது இன்றைய விலையோடு வாங்கிய விலையையும் கேளுங்கள்.

ஜீவனாம்சத்துக்கு வரி உண்டா என்பதிலும் பக்கத்துப் பக்கத்து நாடுகளே ஒத்துப்போவதில்லை. கனடாவில் மாதாமாதம் வாங்குகிற துணை ஜீவனாம்சத்துக்கு வாங்குபவர் வரி கட்டவேண்டும், கொடுப்பவருக்குக் கழிவு உண்டு. அமெரிக்காவில் 2018க்குப் பிறகு போட்ட ஒப்பந்தங்களில் இரண்டும் கிடையாது. தொகையைப் பேசுவதற்கு முன் ஒரு ஆடிட்டரை அரை மணி நேரம் பாருங்கள்.

இருவருக்கும் ஒரே வக்கீல் போதாதா?

படிவம் நிரப்பப் போதும். ஆலோசனைக்குப் போதாது, உங்களுக்கு லாபமானது அவருக்கு நஷ்டம் என்னும் இடத்தில் அந்த வக்கீல் யாருக்குச் சொல்வார்? சமரசம் செய்து வைக்கும் மத்தியஸ்தர் ஒருவரை இருவரும் சேர்ந்து அமர்த்துங்கள், வரைவு வந்தபின் ஆளுக்கொரு வக்கீலிடம் தனியாகக் காட்டுங்கள். முழு வழக்கைவிட இது பெரும்பாலும் மலிவு. வீட்டில் அடி, மிரட்டல் இருந்தால் மட்டும் மத்தியஸ்தம் வேண்டாம். பயந்தவர் போடும் கையெழுத்து சம்மதமாகாது. அங்கே முதலில் பாதுகாப்பு உத்தரவு, பிறகுதான் பணம்.

ஒருவர் ஒரு நாட்டில், மற்றவர் இன்னொரு நாட்டில். எங்கே வழக்கு?

வாய்ப்பு இருந்தால் இரண்டு நாட்டு வக்கீலையும் கேட்டுவிட்டுத்தான் மனு போடவேண்டும், ஏனென்றால் எங்கே போடுகிறீர்கள் என்பதிலேயே பாதிக் கணக்கு மாறிவிடும். வெளிநாட்டில் வாங்கிய தீர்ப்பு சொந்த நாட்டில் செல்லுமா என்றும் பாருங்கள். எந்தச் சட்டத்தின் கீழ் கல்யாணம் நடந்ததோ அந்தச் சட்டம் ஏற்காத காரணத்துக்கு, மற்றவர் கலந்துகொள்ளாமல் வெளிநாட்டில் வாங்கிய விவாகரத்து செல்லாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1991ல் சொல்லியிருக்கிறது. அப்படிப்பட்டவர் ஒரு நாட்டில் தனியாள், இன்னொரு நாட்டில் கல்யாணமானவர்.

தீர்ப்பு கையில் வந்துவிட்டது. இனி?

சான்றளித்த நகல் ஒன்றுக்கு ஐந்தாக வாங்குங்கள், ஒவ்வொரு அலுவலகமும் ஒன்றைப் பிடித்துவைத்துக்கொள்ளும். முதலில் நாமினி: காப்பீடு, பி.எஃப்., வங்கி, பங்குக் கணக்கு. அடுத்தது கடன், பெயர் நீக்கிய கடிதம் வரும்வரை மாதம் ஒருமுறை கடன் அறிக்கையைப் பாருங்கள். வீடு கைமாறினால் பத்திரப் பதிவு முடியும்வரை சாவியை மட்டும் நம்பாதீர்கள். உயில், அதிகாரப் பத்திரம், மருத்துவமனையில் ‘அவசரத்துக்கு அழைக்கவேண்டியவர்’ என்று கொடுத்த எண், அலுவலகக் கோப்பில் இருக்கும் குடும்ப விவரம். துணையின் வேலை வழியாக வந்த மருத்துவக் காப்பீடு எந்தத் தேதியோடு நிற்கிறது என்று கேட்டு, அதற்கு முந்தின நாளே உங்களுடையது தொடங்கும்படி எடுங்கள்.

இதையெல்லாம் முடித்ததும், முதல் நாள் கோடு போட்ட அந்தத் தாளை எடுத்து ஒவ்வொரு வரியாக அடியுங்கள். என் தாளில் ஒரு வரி நான்கு வருடம் அடிபடாமல் கிடந்தது: கூட்டாக எடுத்த வங்கி லாக்கர், உள்ளே ஒன்றுமில்லை, வருட வாடகை மட்டும் போய்க்கொண்டிருந்தது. அதை மூட இருவரும் நேரில் வரவேண்டும் என்றார்கள். போனோம். கையெழுத்துப் போட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு, வாசலில் டீ குடிக்கலாமா என்று அவர் கேட்டார். குடித்தோம், அவரவர் காசில்.